பார்டர் வரிசையில் அறுத்த தீவனம்

புதிதாகப் பண்ணைப் பொறுப்புக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். கூண்டின் நீள அகலம், தீவன அளவு, குட்டி போடும் பெட்டிக்குள் எதைப் பரப்புவது என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டுக்கு என்னைவிட ஞாபகசக்தி அதிகம், அதை நம்புங்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. வேலையில் இருந்த காலம் முழுவதையும் சேர்த்தாலும் அந்த ஒரு நாள் பயந்த அளவுக்கு நான் பயந்ததில்லை. அதில் பாதிப் பயம் நானே இழுத்துவிட்டுக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவைக்கு வடக்கே ஊர் முடிகிற இடத்தில் எங்கள் விவசாயக் கல்லூரி வளாகம். விவசாயம் படிக்கிற பிள்ளைகள் படிப்போடு முயலும் வளர்க்கட்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தோம். விடுதிக்குப் பின்னால் வேப்ப மரங்களுக்கு அடியில் ஓலை வேய்ந்த கொட்டகை. இரண்டு பேருக்குப் பத்துக் கூண்டு. காலையில் ஆறரைக்கு வந்து, தீவனம் போட்டு, தண்ணீர் மாற்றி, கூட்டிப் பெருக்கிவிட்டு எட்டு மணி வகுப்புக்கு ஓட வேண்டும். சாயங்காலம் மறுபடி இதே வேலை. தேர்வு சமயத்தில் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பார்கள். முயலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். வெட்டப்போகிற பிராணிக்குப் பெயர் எதற்கு என்பது என் கட்சி. அவர்கள் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். கொட்டகையிலேயே கொழுத்த, கையை விட்டால் கடிக்க வருகிற கடுவன் முயலுக்கு என் பெயர் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

அங்கே கால்நடைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் கொட்டகைப் பொறுப்பு வந்தபோது எனக்கு முப்பத்து நாலு வயது. எனக்கு முன்னால் அதில் இருந்தவர் மாற்றலாகிப் போகையில் ஒரு கனத்த பதிவேட்டைக் கொடுத்தார். முயல் செத்தால் தேதி, கூண்டு எண், எப்படிச் செத்தது, வேறு யாராவது பார்த்தார்களா, இவ்வளவுதான் கட்டங்கள். "ஆர் பேரையும் இதுல எழுதாதீங்க. எழுதுனா அப்புறம் உங்ககிட்ட முயலே சாகாது" என்று சிரித்தார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். வந்த மாதமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு, 'யாரால்'. அந்த வருஷம் பதிவேட்டில் சாவு பாதியாகக் குறைந்தது. துறைக் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பாராட்டும் வாங்கினேன். பிள்ளைகள் செத்த குட்டிகளைச் சத்தமில்லாமல் வேலி ஓரம் புதைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இந்தக் கதைக்கு இரண்டு மாணவர்கள் போதும். ஒருவன் சென்னியப்பன். காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் மகன். ஆடுமாட்டோடு வளர்ந்த கை, பேச்சு மட்டும் குறைவு. வாத்தியார் முன்னால் நின்றால் பார்வை தன் செருப்பில்தான் இருக்கும். அவனுக்குக் கூட்டாளி கோமதி. கோபிச்செட்டிபாளையத்துப் பெண். நெல்வயலும் வாழைத்தோப்பும் உள்ள வீடு. வாய் ஓயாது. இருவரும் பத்துக் கூண்டைப் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முயல்தான் எப்போதும் எடை அதிகம் நிற்கும்.

முயலை வெட்டுவதற்கு முந்தின சாயங்காலத்திலிருந்து தீவனம் நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் கறி கெடும். ஆனால் சென்னியப்பன் வீட்டில் வேறு வழக்கம். ஆட்டை அறுப்புக்குக் கொடுக்கும் முன்னால் கடைசியாக ஒரு கைப்பிடி தழை நீட்டுவார்களாம். மார்கழியில் ஒரு தடவை, கசாப்புக்காரர் வருகிற காலையில் அவன் முயல்களுக்கு அப்படி ஒரு கைப்பிடி போட்டதை நான் பார்த்துவிட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு, "பசியோட அனுப்பக் கூடாதுங்க சார்" என்றான். மொத்த வகுப்பையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் எதிரில் அவனை ஒரு கால் மணி நேரம் கிழித்தெடுத்தேன். முயல் எதுவும் தானாகச் சாகாவிட்டாலும் ஐந்தாவது கட்டத்தில் அவன் பெயரையும் எழுதினேன். இனிமேல் போடமாட்டேன் என்று அவன் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது, நான் அப்போது அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது பார்டர் வரிசை பற்றிச் சொல்ல வேண்டும். சோதனை வயல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பாத்தியின் ஓரத்து வரிசைகளில் வெயிலும் காற்றும் கூடுதலாகப் படுவதால் அங்கே வளர்கிற பயிரை அளவெடுக்கமாட்டார்கள். அது கணக்கில் இல்லாத பயிர். எங்கள் வளாகத்தில் குதிரைமசால் சோதனைப் பாத்திகள் இருந்தன. முயலுக்கு அதைவிட நல்ல பசுந்தீவனம் கிடையாது. அந்த ஓரத்து வரிசையை எங்கள் பிள்ளைகள் அறுத்துக்கொள்ளட்டும் என்று பயிர்த் துறையில் பேசி அனுமதி வாங்கித் தந்தவன் நான்தான். மூன்று வருஷம் அப்படியே நடந்தது. பூச்சிமருந்து தெளித்த பாத்தியின் தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி கட்டிய பாத்திக்குள் எங்கள் ஆட்கள் காலே வைக்கமாட்டார்கள். பார்டரைப் பற்றி இரண்டு தரப்பும் யோசித்ததே இல்லை.

தை மாதத்தில் ஒரு நாள் விவசாயிகளை வளாகத்துக்கு அழைத்திருந்தோம். கோபி, காங்கேயம், சத்தி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அறுபது பேருக்கு மேல். குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுதியிருந்ததால் பெண்களும் குழந்தைகளும் வந்திருந்தார்கள். முயல்கறி சாப்பிட நம்மவர்களுக்குக் கூச்சம் உண்டு. முதலில் ருசியைக் காட்டிவிடுவோம், பிறகு வளர்ப்பைச் சொல்வோம் என்பது என் யோசனை. மத்தியானம் முயல் பிரியாணி. இருபத்து நாலு முயல்களை அதற்கென்று தனிக் கூண்டுகளுக்கு மாற்றி முந்தின சாயங்காலமே தீவனத்தை நிறுத்தியாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அவற்றை வெட்டிச் சுத்தம் செய்து சமையல் கட்டுக்கு அனுப்பினார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூட்ட அறையில் வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணி தாண்டியிருக்கும். கோமதி அறை வாசலில் வந்து நின்றாள். வாய் ஓயாத பெண் ஒன்றும் பேசாமல் கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டாள். நான் எரிச்சலோடு வெளியே வந்தேன்.

"சார், தாய் முயலுங்கெல்லாம் ஒரு மாதிரி இருக்குதுங்க. வாய்ல எச்சில் ஒழுகுது. உங்ககிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் நின்னுபோட்டேனுங்க."

ஓடினேன். கொட்டகைக்குள் நுழைந்தேன். வழக்கமாகத் தீவனம் இழுக்கிற சத்தமும் கம்பியைக் கடிக்கிற சத்தமும் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. கழுத்து முழுக்க எச்சிலில் நனைந்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று உதற, முயல்கள் கூண்டின் மூலையில் ஒண்டிக் கிடந்தன. ஐந்தாறு ஏற்கெனவே செத்திருந்தன. ஒன்றைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தேன். கருவிழி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து. வேறு எதுவும் இப்படிச் செய்யாது. தீவனத் தட்டில் பாதி தின்றது போகக் குதிரைமசால் கிடந்தது. எடுத்து முகர்ந்தேன், பூச்சிமருந்து நெடி.

அலமாரியில் அந்த விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசிமருந்து பத்துக் குப்பி இருந்தது. கையில் கிடைத்த முயலுக்கெல்லாம் போட்டேன். எட்டுக் குப்பி காலி. எட்டாவதைப் போடும்போதுதான் சமையல் கட்டு ஞாபகம் வந்தது. ஊசியைக் கீழே வைத்தேன். அந்த இருபத்து நாலும் காலையில் இதே தீவனத்தைத் தின்றிருந்தால்? அண்டாவில் கறி வெந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் குழந்தைகளுக்கு இலை போடப் போகிறார்கள்.

"காலையில தீவனம் யார் அறுத்தது?"

"சென்னியப்பனுங்க சார். எல்லாக் கூண்டுக்கும் சேத்து அறுக்கப் பொழுது கிளம்பறதுக்கு முன்னாடியே போனான்."

வகுப்பிலிருந்து அவனை இழுத்துவரச் சொன்னேன். அதற்குள் வேறொரு மாணவன் போய்ச் சோதனை வயலில் இருந்த ஆராய்ச்சி மாணவரைக் கூட்டிவந்தான். அவர் முகம் வெளுத்துப்போய் நின்றார். விடியற்காலையிலேயே காற்று இல்லாத நேரமாகப் பார்த்துப் பாத்திக்கு மருந்து அடித்திருக்கிறார். டேங்கில் கொஞ்சம் மிச்சம். மருந்தைத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டக் கூடாது, அளவெடுக்கிற பயிர் மேலும் கொட்டக் கூடாது. "அதனால எப்பவும் போல பார்டர்ல ஊத்திட்டேன் சார்" என்றார். எப்பவும் போல. அவர்களுக்கு மிச்ச மருந்தை ஊற்றுகிற இடம், எங்களுக்குத் தீவனம் அறுக்கிற இடம். இரண்டு துறையும் மூன்று வருஷமாக ஒரே வரிசையைப் பயன்படுத்தியிருக்கிறோம், நாள் மட்டும் அதுவரை தள்ளித் தள்ளி விழுந்திருக்கிறது. சிவப்புத் துணியைப் பாத்தியின் தலைமாட்டில் ஒழுங்காகக் கட்டித்தான் இருந்தார். அவர் கட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் போயிருக்கிறான். இலையில் இருந்த ஈரத்தைப் பனி என்றும், நெடி மருந்தடித்த பாத்தியிலிருந்து வருகிறது என்றும் நினைத்து, கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் வந்து என் முன்னால் நின்றான். வழக்கம்போலச் செருப்பைப் பார்த்தான். நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"வெட்டுன முயலுக்குக் காலையில தழை போட்டியா?"

"இல்லீங்க சார்."

"பொய் சொல்லாதே. போன மாசம் போட்டவன்தானே நீ?"

"இந்த மொறை போடலீங்க சார்."

அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. தை மாதத்துக் காலையில், வேப்ப மர நிழலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வியர்வை. கை உதறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தான். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. உண்மை சொல்கிறவன் இப்படி நடுங்குவானா? மறுபடி கேட்டேன். மிரட்டிக் கேட்டேன். தணிந்த குரலில், ஒன்றும் செய்யமாட்டேன், உண்மையை மட்டும் சொல் என்று கேட்டேன். அறுபது பேர் உயிர்டா என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் "போடலீங்க சார்" என்றான், ஒவ்வொரு தடவையும் நடுக்கம் கூடியது. நாற்பது நிமிஷம் இப்படியே போயிற்று. நாற்பது நிமிஷம் என்பதைக் கோமதிதான் பிறகு சொன்னாள், அவள் கையில் கடிகாரம் இருந்தது. எனக்கு ஐந்து நிமிஷம் போல இருந்தது.

கடைசியில் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையல் கட்டுக்குக் கூட்டிப்போனேன். கோமதி பின்னாலேயே வந்தாள். சமையல்காரர் அர்த்தநாரி அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்கள் துறைத் தலைவர் அங்கேயே ருசி பார்ப்பதற்கு நின்றிருந்தார். அடுத்த அறையில் குழந்தைகள் ஓடியாடுகிற சத்தம் கேட்டது.

"அண்டாவை மூடுங்க. இதை யாருக்கும் பரிமாற வேண்டாம்" என்றேன்.

தலைவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "முயல்ல விஷம்னு சொல்லிப் பந்தியை நிறுத்தினா நாளைக்கு ஒருத்தன் முயல் வளர்ப்பானா? உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?" என்றார்.

"இவன் போட்டிருக்கான் சார். ஒத்துக்க மாட்டேங்கறான். பாருங்க, எப்படி நடுங்கறான்னு."

அர்த்தநாரி கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க, நான் உப்புப் பாத்துப்போட்டேனுங்களே" என்றார். அப்போது பின்னாலிருந்து கோமதி பேசினாள்.

"சார், அவன் பயத்துல நடுங்கலீங்க. அவன் கண்ணப் பாருங்க."

நான் திரும்பவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். மாணவி ஒருத்தி அப்படிச் செய்வது அந்தக் காலத்தில் நடக்காத காரியம்.

"எங்க வயல்ல வேலை செய்யற ஆளுக்காரரு நெல்லுக்கு மருந்தடிச்சுப்போட்டு வந்து இப்புடித்தானுங்க நின்னாரு. இப்புடித்தான் எச்சில முழுங்கிக்கிட்டே இருந்தாரு."

சென்னியப்பனின் முகவாயைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கருவிழியும் கடுகைவிடச் சின்னதாக இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முயலைத் தூக்கி அதன் கண்ணைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, எதிரில் நின்றவன் கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. எச்சில், வியர்வை, நடுக்கம், சுருங்கிய கருவிழி என்று மூன்றாம் வருடத்துக்குக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டவன் நான். அதே வரிசை என் முன்னால் ஒரு சட்டை போட்டுக்கொண்டு நின்றபோது அதைக் குற்றவாளியின் லட்சணம் என்று படித்தேன். மருந்தில் நனைந்த கட்டைத் தோளில் சுமந்து வந்தவன். அந்த ஈரச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் அதோடேயே வகுப்புக்கு ஓடியிருக்கிறான். பிறகு நான் அவனை அதே சட்டையோடு நாற்பது நிமிஷம் நிற்கவைத்தேன்.

அவன் முழங்கால் மடங்கியது. அர்த்தநாரிதான் தாங்கிப் பிடித்தார்.

வளாக மருந்தகத்து டாக்டரம்மா வந்ததும் சட்டையைக் கிழித்தெறிந்தார். சமையல் கட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் அவன் மேல் ஊற்றச் சொன்னார். மருந்தகத்தில் நாலு குப்பி அட்ரோபின்தான் இருக்கிறது என்றார். "உங்க கொட்டகையில இருக்குமே, எவ்வளவு இருக்கு?"

"ரெண்டுங்க."

"ரெண்டுதானா?"

"முயலுக்குப் போட்டுட்டேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். முயல்களில் பலவற்றுக்கு அந்த மருந்து உடம்பில் நிற்காது, இரத்தமே அதை உடைத்துப்போட்டுவிடும். இதுவும் நான் பாடம் எடுத்த விஷயம்தான். பயம் வந்தால் கை ஓடுகிற பக்கத்துக்குத்தான் நாமும் ஓடுகிறோம், படித்ததெல்லாம் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

ஆறு குப்பியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டாக்டரம்மா வழியிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்தார். கோமதியை இறங்கச் சொன்னேன், அவள் கேட்கவில்லை. நான் அவன் தலையை மடியில் வைத்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வாயில் ஊறிக்கொண்டே இருந்த எச்சிலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு ஈரத் துணியைக் கிழிப்பது போல வந்தது. நடுநடுவே மூச்சே இல்லாமல் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் நான் வேண்டாத சாமி இல்லை.

வழியில் கணபதி என்கிற இடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. இரும்பு வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு பட்டறைக்குள் பின்பக்கமாக நுழைய முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். லாரிக்காரர் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தார். சென்னியப்பனின் மூச்சு நின்றது. டாக்டரம்மா அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்தத் தொடங்கினார். கோமதி ஜீப்பிலிருந்து குதித்து லாரிக்கு முன்னால் ஓடினாள்.

"அண்ணா, வண்டிய எடுங்கண்ணா. உள்ள ஒரு உசுரு போயிட்டிருக்குதுங்கண்ணா."

அப்போதும் 'எடுங்கண்ணா' என்றுதான் சொன்னாள், அந்த மரியாதை மாறவில்லை. பட்டறை ஆட்கள் நாலு பேர் ஓடிவந்து வழி விலக்கிவிட்டார்கள். மூச்சு திரும்ப வந்தது. வந்ததா, வந்தது போல எனக்குத் தோன்றியதா என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். எனக்குக் கை உதற ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. நானும் அந்தத் தழையைத் தொட்டேனே, இது மருந்தா, பயமா என்று என் கையைப் பார்த்தே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரத்தில் துறைத் தலைவர் அர்த்தநாரியைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். உப்புப் பார்த்த பாவத்துக்கு அவரையும் ஒரு கட்டிலில் படுக்கவைத்து மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. பிரியாணி முழுவதையும் குழி வெட்டிக் கொட்டியாயிற்று என்று தலைவர் சொன்னார். விவசாயிகளுக்கு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு உப்புமா போட்டாராம். "ஏனுங்க, முயல் வளக்கச் சொல்லிக் கூப்புட்டுப் போட்டு உப்புமாவப் போடறீங்களே" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஆனாலும் நிறுத்தியதற்கு யாரும் கோபப்படவில்லையாம்.

சாயங்காலம் சென்னியப்பனின் அப்பா வந்து சேர்ந்தார். காங்கேயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். காட்டு வேலையிலிருந்து நேராக வந்ததால் வேட்டியெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டானுங்களா சார்?"

மகன் பிழைப்பானா என்று கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்றை நாங்கள் அந்த வீடுவரைக்கும் அனுப்பிவைத்திருந்தோம். "அவன் ஒரு தப்பும் பண்ணலீங்க. தப்பு எங்க மேல" என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அவனுக்கு நினைவு வந்தபோது அப்பாவையும் என்னையும் உள்ளே விட்டார்கள். உதடு வெடித்து, முகம் சிவந்து கிடந்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உடனே பார்வை கீழே போயிற்று. பேசவே திணறியவன் கஷ்டப்பட்டு வாயைத் திறந்தான்.

"நான் போடலீங்க சார்."

விழுந்ததிலிருந்து அதுவரை நடந்த எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் இன்னும் என் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "தெரியும் கண்ணு" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்பா வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உங்களிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. 'தெரியும்' என்று நான் சொன்னது பொய். அப்போதும் எனக்குத் தெரியாது. விஷத்தில் நடுங்கினான் என்பது தெரியும், அதனால் முயலுக்கு அவன் தழை போடவில்லை என்று ஆகிவிடுமா? ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டும் என் மனதின் ஒரு மூலை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். பாதிக்கு மேல் கூண்டுகள் காலி. தாய் செத்த குட்டிகளுக்குப் பிள்ளைகள் மை நிரப்பும் பில்லரில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தின நாள் முயல் வெட்டிய இடத்தில் குடல் போட்ட இரண்டு வாளி அப்படியே இருந்தது, நடந்த களேபரத்தில் அதைக் குழியில் கொட்ட யாருக்கும் ஞாபகமில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்து நாலு இரைப்பையும் நேற்றுப் பத்தரை மணிக்கே நான் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்திருக்கின்றன. காலையில் தழை தின்றிருந்தால் பச்சையாக உள்ளே கிடக்கும். ஐந்து நிமிஷத்தில் திறந்து பார்த்திருக்கலாம். கால்நடை படித்தவன் செய்ய வேண்டிய காரியம் அது. நான் வாளியைக் கேட்காமல் பையனைக் கேட்டேன்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். பழைய தீவனத்தின் கூழ் கொஞ்சம் இருந்தது. இருபத்து நாலிலும் ஒரு பச்சை இலை இல்லை.

கறியைக் கொட்டியது தவறா என்று இதற்குப் பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. தெரியாதபோது கொட்டத்தான் வேண்டும், நாளைக்கு உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தாலும் கொட்டுங்கள். அதற்கு ஒருவன் வாயிலிருந்து வாக்குமூலம் வாங்கத் தேவையில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம்மைப் பார்த்தாலே நடுங்குகிற பிள்ளைகளை வளர்த்துவிட்டால், பிறகு எந்த நடுக்கம் எதனால் என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. பதிவேட்டில் அந்த ஐந்தாவது கட்டத்தைக் குறுக்கே அடித்தேன். பார்டர் வரிசையில் அறுப்பதும் ஊற்றுவதும் இரண்டும் அன்றோடு நின்றன. இதெல்லாம் சுலபமான வேலை.

அன்று மத்தியானம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அப்பா டம்ளர் கழுவப் போயிருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வெட்டுன முயலோட இரைப்பையெல்லாம் திறந்து பாத்தேன். நீ சொன்னது நிஜம். ஒரு எலைகூட இல்லை" என்றேன்.

அவன் கஞ்சியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். படிக்க வந்த இரண்டு வருஷத்தில் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நேத்தே தெரியும்னீங்களே சார்."

"நேத்துத் தெரியாது கண்ணு. மன்னிச்சுக்கோ."

கஞ்சியை மறுபடி கையில் எடுத்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "சரிங்க சார்" என்றான். அது மன்னித்துச் சொன்னதா, பயந்து சொன்னதா என்று அன்றைக்கு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.